டீசல் எஞ்சினின் கடிவாளம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியியல் படிக்கும் மாணவன் ஒருவனை மேடையில் ஏற்றினால் அவன் ஏதேனும் ஓர் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுவான் என்பது நம் காரியதரிசி அவர்களுக்கு முன்னரே தெரிந்திருக்கும். தெரிந்தும் அழைத்தமையால், அடுத்த அரைமணி நேரத்துக்கு அவரும் என் குற்றத்தில் பங்காளி ஆகிறார்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் டீசல் எஞ்சின் அன்று. அதற்கு இடப்பட்டிருக்கும் கடிவாளம். பாரமேற்றிய புதிய லொறி ஒன்று கடுகண்ணாவை ஏற்றத்தில் செல்கின்றது எனக் கொள்வோம். சாரதி மிதியை அடிவரை அழுத்துகிறார். எஞ்சின் அவர் நினைத்த அளவு இழுக்கவில்லை. “இந்த எஞ்சினில் வலு இல்லை” என்பது அவருடைய தீர்ப்பு. உண்மை வேறாக இருக்கலாம். வலு உண்டு, அதைக் கொடுக்க வேண்டாமென்று ஒருவர் தடுத்திருக்கிறார். அந்த ஒருவர் எஞ்சினுக்கு அருகிலோ ஆசனத்துக்கு அடியிலோ பொருத்தப்பட்டிருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி. எஞ்சின் கட்டுப்பாட்டு அலகு என்பது அதன் முழுப்பெயர். அவ்வளவு நீண்ட பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதியாமல், பெட்டி என்றே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி எதைக் கண்டு தடுக்கிறது? யாருக்காகத் தடுக்கிறது? இவ்விரு வினாக்களே இன்று என் முன் உள்ளவை. முதல் வினாவுக்குப் பௌதிகம் விடை சொல்லும். இரண்டாவது வினாவுக்கு நாம்தாம் விடை தேடவேண்டும்.

முறுக்கம் என்னும் சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இறுகிப்போன சக்கர நட்டு ஒன்றில் ஒரு மீற்றர் நீளமான ஸ்பனரைப் பூட்டி, அதன் நுனியில் 10 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டால், நட்டின்மீது ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர் முறுக்கம் உண்டாகும். சுழற்ற முயலும் ஆற்றலே முறுக்கம். அதனைச் சுழலும் வேகத்தாற் பெருக்கினால் வருவது வலு. கியரை மாற்றி முறுக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வலுவைக் கூட்டிக்கொள்ள முடியாது. பாடசாலையில் இதைப் படித்தவர்களும் வாகனம் வாங்கப் போகும்போது மறந்துவிடுகிறார்கள்.

பெற்றோல் எஞ்சினில் மிதியை அழுத்தினால் காற்று செல்லும் வழி திறக்கும். டீசல் எஞ்சினோ கிடைக்கும் காற்றையெல்லாம் எப்போதும் முழுமையாக உள்ளே இழுக்கும். (இக்காலத்து டீசல் எஞ்சின்கள் பலவற்றில் காற்றுக் குழாயினுள் ஒரு மடல் உண்டு. அது கழிவுப் புகையின் ஒரு பகுதியைத் திருப்பி எடுப்பதற்கும், எஞ்சினை அதிர்வின்றி நிறுத்துவதற்கும் உதவுவதேயன்றி முறுக்கத்தை ஆள்வதற்கன்று.) உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் இறுக அமுக்க, காற்று கடுஞ்சூடாகிறது. அச்சூட்டில் டீசலைப் பீச்சினால் தீப்பொறி இன்றியே அது பற்றிக்கொள்ளும். றுடொல்ப் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டில் ஒக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்களையே கண்டு பழகியவர்களுக்கு அது பெருவியப்பு. ஆகவே டீசல் எஞ்சினின் முறுக்கத்தைத் தீர்ப்பது ஒரே ஒரு பொருள்தான்: ஒவ்வொரு முறையும் பீச்சப்படும் எரிபொருளின் அளவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மிகுதி யாவும் எளிதில் விளங்கும்.

எவ்வளவு எரிபொருள்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு லீற்றர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் ஒன்று 320 நியூற்றன் மீற்றர் முறுக்கம் தருகிறது. இன்றைய வான்களிலும் ஜீப்புகளிலும் இது சாதாரணம். நான்கு சிலிண்டரும் ஒருமுறை எரிந்து முடிய எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். அந்த இரண்டு சுற்றில் அது செய்யும் வேலை ஏறத்தாழ 4,000 யூல். ஒரு சிலிண்டருக்கு 1,000 யூல். எஞ்சின் நூற்றுக்கு 40 பங்கு திறமையுடையது எனின், ஒரு சிலிண்டருக்குக் கொடுக்கவேண்டிய வெப்பம் 2,500 யூல். ஒரு மில்லிகிராம் டீசல் சுமார் 43 யூல் தரும். ஆகவே ஒரு முறை பீச்சவேண்டிய டீசல் 60 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. நீர்க்குழாயிலிருந்து சொட்டும் ஒரு துளியின் நிறை ஏறத்தாழ அவ்வளவே. நிமிடத்துக்கு 1,750 சுற்றில் ஓடும்போது இத்தகைய துளிகள் செக்கனுக்கு 58 பீச்சப்படுகின்றன. ஒவ்வொன்றும் செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துள், வளிமண்டலத்தைப்போல் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மடங்கு அமுக்கத்தில், தலைமயிரினும் பெரிதும் தடித்திராத துளைகளினூடாகச் செல்லவேண்டும். துளியில் 6 மில்லிகிராம் கூடிவிட்டால் முறுக்கம் 32 நியூற்றன் மீற்றர் கூடிவிடும். பெட்டி ஆள்வது இந்தத் துளியை.

இனிக் காற்றைப் பாருங்கள். ஒரு பங்கு டீசல் எரிய 14.5 பங்கு காற்று வேண்டும் என்பது இரசாயனக் கணக்கு. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எண்ணெய்த் துளிகள் காற்றோடு முற்றாகக் கலப்பதில்லை. ஆதலின் சுமார் 19 பங்காவது இருந்தாலன்றிப் புகையின்றி எரியாது. 60 மில்லிகிராம் டீசலுக்கு 1,100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட காற்று வேண்டும். அரை லீற்றர் சிலிண்டர் ஒன்று தன் மூச்சால் இழுக்கக்கூடியதோ 600 மில்லிகிராமுக்கும் குறைவு. பற்றாக்குறையை டர்போ என்னும் காற்றாடி நிரப்புகிறது. அது கழிவு வாயுவினாற் சுழன்று, புதிய காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். நின்ற இடத்திலிருந்து மிதியை அழுத்தியவுடன் டர்போ இன்னும் வேகம் கொள்ளவில்லை. அந்நேரத்தில் உள்ள காற்றுக்கு 30 மில்லிகிராம் டீசலே தகும். சாரதி 60 கேட்கிறார். பெட்டி 30ஐக் கொடுத்து, டர்போ விழித்தெழ எழ மெல்ல மெல்ல உயர்த்துகிறது. “டர்போ பிந்தி வேலைசெய்கிறது” என்று நாம் சொல்லும் அந்த ஓரிரு கணத்தின் உட்பொருள் இதுதான். அங்கே கடிவாளம் பிடிப்பது புகை வரம்பு.

பெட்டி வருவதற்கு முன்னரும் வரம்பு இருந்தது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்பிகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய காலந்தொட்டு, பல தசாப்தங்களாக அந்த வரம்பு ஒரு திருகாணியாகவே இருந்தது. பம்பிக்குள் இருக்கும் பற்சட்டம் எவ்வளவு தூரம் நகருகிறதோ அவ்வளவு டீசல் செல்லும். அச்சட்டம் போய் முட்டிநிற்கும் இடத்தில் ஒரு திருகாணி. தொழிற்சாலையில் அதை அளந்து பூட்டி, கம்பி கோத்து, ஈய முத்திரை இடுவார்கள். சுழலும் குண்டுகளைக் கொண்ட கவர்னர் ஒன்று வேகத்தின் எல்லையைக் காக்கும். கவர்னர் ஏன் வேண்டும் எனின், டீசல் எஞ்சின் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளாத இயல்புடையது. எரிபொருள் வந்துகொண்டேயிருந்தால் சுமையற்ற எஞ்சின் தன்னையே உடைக்கும்வரை வேகம் கொள்ளும். ஈய முத்திரையைக் குறட்டால் வெட்டி, திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பி, லொறிக்குப் புதிய பலம் கொடுத்த மெக்கானிக்குகளைப் பெரியோர் பலர் அறிந்திருப்பீர்கள். பலம் வந்தது மெய்யே. அதனோடு கரும்புகையும் வந்தது. சில மாதங்கள் கழித்துப் பிஸ்டனும் உருகிற்று. ஆயினும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த வரம்பு கண்ணுக்குத் தெரிந்தது. முத்திரை அறுந்திருந்தால் எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஜப்பானிய லொறிகளில் 1995இலும் ஐரோப்பியக் கார்களில் 1997இலும் பொதுக்குழாய் முறை என்னும் புதிய ஏற்பாடு விற்பனைக்கு வந்தது. உயரமுக்கத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் நிரப்பி வைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டரையும் மின்சாரத்தாற் திறந்து மூடுவது இம்முறை. பற்சட்டமும் திருகாணியும் மறைந்தன. வரம்பு, பெட்டியின் நினைவகத்தில் எழுதப்பட்ட எண்கள் ஆயிற்று.

இன்றைய வாகனத்தில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையில் கம்பியும் இல்லை, கோலும் இல்லை. மிதி ஒரு விண்ணப்பம் மட்டுமே. மிதியின் அடியில் இரண்டு உணரிகள் உள. ஒன்று காட்டும் மின்னழுத்தத்தின் பாதியை மற்றையது காட்டும். இரண்டும் முரண்பட்டால் பெட்டி இரண்டையும் நம்பாது, எஞ்சினைத் தாழ்ந்த நிலையில் வைத்துக்கொள்ளும். விண்ணப்பிப்பவர் சாரதி மட்டுமல்லர். கியர்ப்பெட்டி, “நான் கியர் மாற்றப்போகிறேன், சிறிது நேரம் முறுக்கத்தைக் குறை” என்று கேட்கும். சக்கரம் வழுக்குவதைக் கண்ட தடைக் கட்டுப்பாடு, “குறை” என்று கேட்கும். குளிரூட்டி, தான் எடுத்துக்கொள்ளும் சுமைக்கு ஈடாகக் “கூட்டு” என்று கேட்கும். இவர்கள் எல்லோரும் ஒரே நாணயத்தில் பேசவேண்டும் அல்லவா? அந்த நாணயம் முறுக்கம். எவர் எதைக் கேட்டாலும் இத்தனை நியூற்றன் மீற்றர் என்றோ, உச்சத்தில் நூற்றுக்கு இத்தனை என்றோதான் கேட்கவேண்டும்.

நம் சங்கத்துப் பொருளாளர் அவர்களை உவமையாக்கினால் மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன். விழாக்குழு பணம் கேட்கும். நூலகக் குழு கேட்கும். விளையாட்டுக் குழு மற்றெல்லோரினும் உரத்துக் கேட்கும். பொருளாளர் வேண்டுகோள்களை ஒழுங்குபடுத்தி ஒரு தொகைக்கு வருவார். பின்னர் வரம்புகளைப் பார்ப்பார். வங்கியில் உள்ளது இவ்வளவு, யாப்பு அனுமதிப்பது இவ்வளவு, செயற்குழு விதித்தது இவ்வளவு. இவற்றுள் எது மிகச் சிறியதோ அதற்கு மேல் அவர் ஒரு சதமும் கொடார். பெட்டியும் அப்படியே. புகை வரம்பு, எஞ்சின் வெப்ப வரம்பு, டர்போவின் வேக வரம்பு, கியர்ப்பெட்டி தாங்கும் வரம்பு ஆகிய அனைத்தையும் ஒரு நொடிக்குள் பலமுறை கணக்கிட்டு, அவற்றுள் மிகச் சிறியதை எடுத்துக்கொள்கிறது. சாரதி கேட்டது அதனிலும் குறைவாயின் கேட்டது கிடைக்கும். கூடுதலாயின் வரம்புதான் கிடைக்கும்.

அவ்வரம்புகள் சிலவற்றைக் கடுகண்ணாவை ஏற்றத்திலேயே காணலாம். நீண்ட ஏற்றத்தில் றேடியேற்றர் நீர் சூடேறிக்கொண்டு போனால், நீர் கொதிக்குமட்டும் பெட்டி காத்திராது. குறித்த வெப்பநிலையைத் தாண்டியதும் ஒவ்வொரு பாகைக்கும் சிறிது சிறிதாக முறுக்கத்தைக் குறைக்கும். டர்போவின் வாயிலில் கழிவு வாயு 800 பாகை செல்சியஸ் அளவை எட்டினாலும் அவ்வாறே. முதலாம் கியரில் பல வாகனங்கள் முழு முறுக்கத்தையும் கொடுப்பதேயில்லை. கொடுத்தால் பற்சக்கரமும் அச்சுத்தண்டும் நெடுநாள் நில்லா. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே. குறையை ஈடுசெய்யப் போனால் டர்போ அளவுகடந்து சுழலும்; ஆகையால் அங்கும் பெட்டி கையை இறுக்கிக்கொள்ளும்.

இப்பொழுது ஒரு வியப்பான செய்தி. நியூற்றன் மீற்றரிலே பேசி, நியூற்றன் மீற்றரிலே தீர்ப்பு வழங்கும் இந்தப் பெட்டி, சாதாரண வாகனங்களில் முறுக்கத்தை நேரே அளப்பதே இல்லை. கிராங் தண்டின் முறுக்கத்தை அளக்கும் உணரியைச் சோதனைச்சாலைகளிற் பொருத்துவார்கள். விற்பனை வாகனத்தில் அது விலைக்கும் கட்டாது, நெடுநாள் உழைக்கவும் மாட்டாது. பெட்டி செய்வது கணக்கு. குழாயின் அமுக்கம் இவ்வளவு, இன்ஜெக்டர் திறந்திருந்த நேரம் இவ்வளவு, ஆகவே சென்ற டீசல் இவ்வளவு, அது தரும் முறுக்கம் இவ்வளவு, உராய்விலும் பம்பிகளிலும் இழந்தது இவ்வளவு, மிஞ்சியது இவ்வளவு. தொழிற்சாலையில் பல நூறு நிலைகளில் அளந்து எழுதிய அட்டவணைகளே இக்கணக்கின் ஆதாரம்.

இன்ஜெக்டர் தேய்ந்துபோனால் கணக்குப் பிழைக்குமே என்று கேட்பீர்கள். பிழைக்கும். அதற்கும் ஓர் உபாயம் உண்டு. எஞ்சினின் சக்கரம் ஒன்றில் 60 பற்களுக்கான இடம் வகுத்து, இரண்டு பற்களை மட்டும் அடையாளத்துக்காக வெட்டிவிட்டிருப்பார்கள். 58 பற்களும் ஓர் உணரியைக் கடந்து செல்லும் நேரத்தைப் பெட்டி எண்ணிக்கொண்டேயிருக்கும். ஒரு சிலிண்டர் எரியும்போது தண்டு சிறிதே விரைவுபெறும். அடுத்த எரிவுக்கு முன் சிறிதே தளரும். எந்தச் சிலிண்டர் சோம்பலாயிருக்கிறது என்பதை இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பெட்டி அறிந்து, துளியைத் திருத்தும். இன்னொன்று இதனினும் நுட்பமானது. நீங்கள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது டீசல் முற்றாக நிறுத்தப்பட்டிருக்கும். அந்த அமைதியில் பெட்டி, ஒரு சிலிண்டருக்குள் மட்டும், ஓரிரு மில்லிகிராம் அளவில் மிகச் சிறு துளிகளை விட்டுப் பார்க்கும். பற்சக்கரத்தில் துடிப்புத் தோன்றத் தொடங்கும் இடமே அந்த இன்ஜெக்டர் உண்மையில் திறக்கத் தொடங்கும் இடம். சாரதி அதை உணர்வதேயில்லை.

கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் கணக்கர் பிழைவிடக்கூடும். நினைவகத்தில் ஓர் எண் சிதைந்து, மிதியைத் தொடாமலே எஞ்சின் சீறிப் பாய்ந்தால் உயிர்கள் போகும். ஆதலின் ஜேர்மன் வாகன நிறுவனங்கள் கூடி ஒரு மூன்றடுக்கு ஒழுங்கை வகுத்தன. முதலாம் அடுக்கு நாம் சொன்ன பொருளாளர். இரண்டாம் அடுக்கு கணக்காய்வாளர். அவர் பொருளாளரின் பேரேட்டைப் பாராது, பற்றுச்சீட்டுகளிலிருந்து தாமே கூட்டிப் பார்ப்பவர். இன்ஜெக்டர் திறந்த நேரத்தையும் குழாய் அமுக்கத்தையும் தனியே எடுத்து, கொடுக்கப்பட்ட முறுக்கத்தை மீளக் கணித்து, அந்நேரத்தில் அனுமதிக்கத்தக்க முறுக்கத்தோடு ஒப்பிடுவார். மிதியில் கால் இல்லை, எஞ்சினோ வேகமாகச் சுழல்கிறது எனின், இன்ஜெக்டர் திறந்த நேரம் பூச்சியமாக இருக்கவேண்டும். இல்லையேல் உடனே தடை. மூன்றாம் அடுக்கு, கணக்காய்வாளர் உறங்கிவிடவில்லை என்பதைக் காண்பது. அது வேறொரு சில்லில் இருந்துகொண்டு இடைவிடாது வினாக்களை அனுப்பும். விடை பிழைத்தாலோ பிந்தினாலோ இன்ஜெக்டர்களின் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஒருவரை ஒருவர் நம்பாமையை ஒழுங்காக அமைத்தால் அதிலிருந்து எவ்வளவு நம்பிக்கை பிறக்கிறது என்பதை எண்ணி நான் வியந்ததுண்டு.

இதுவரை சொன்ன வரம்புகள் யாவும் இயற்கையோடு ஒட்டியவை. காற்று போதாது, இரும்பு தாங்காது, பிழை நேர்ந்தால் ஆள் சாவான். இவற்றைப் பற்றி எவரும் வழக்காட இடமில்லை. இனி வருபவை அப்படிப்பட்டவையல்ல.

ஒரே எஞ்சினை இரண்டு மூன்று வலுவில் விற்பது உற்பத்தியாளர் வழக்கம். சிலபோது டர்போவோ இன்ஜெக்டரோ வேறுபடும்; சிலபோது பெட்டியில் உள்ள எண்கள் மட்டுமே வேறுபடும். பின்னதை அறிந்த இளைஞர், எண்களை மாற்றி எழுதித் தருபவரிடம் வாகனத்தைக் கொண்டுசெல்கிறார்கள். ஈய முத்திரையை வெட்டிய அதே பழைய தொழில், இப்போது மடிக்கணினியோடு நடக்கிறது. என் வயதினர்க்கு இதில் உள்ள ஆசையை நான் அறிவேன். ஆனால் பெட்டியில் உள்ள வரம்புகள் தனித்தனி ஆணிகளல்ல. முறுக்க வரம்பை உயர்த்தினால் புகை வரம்பு தடுக்கும். அதையும் உயர்த்தினால் வெப்ப வரம்பு தடுக்கும். அதையும் தள்ளிவைத்தால், எஞ்சினுக்கு நோய் வந்ததைச் சொல்லும் நாக்கையே அறுத்தவராவோம். ஏற்றம் ஏறும் லொறிக்கு அதைச் செய்வது, முன்பின் அறியாத பிறருடைய உயிரையும் சேர்த்துப் பந்தயம் வைப்பது.

அடுத்தது சட்டம் விதிக்கும் வரம்பு. டீசல் எரியும்போது நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. அவை நுரையீரலுக்குப் பகை. அவற்றைக் குலைப்பதற்கு 32.5 சதவீத யூரியா கலந்த நீரைக் கழிவுக் குழாயில் தெளிக்கிறார்கள். அட்புளூ என்பது அதன் வணிகப் பெயர். அத்தாங்கியை நிரப்பாமல் விட்டாலும் எஞ்சின் நன்றாகவே ஓடும், காசும் மிச்சம். ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 6 விதி, பாரவாகனங்களில் பெட்டியையே காவலாளி ஆக்கிற்று. முதலில் எச்சரிக்கை, பின்னர் உச்ச முறுக்கத்தில் நாலில் ஒரு பங்கு வெட்டு, அதற்கும் அசையாவிடின் ஈற்றில் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் செல்லவிடாத் தடை. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. அது தண்டனை அனுபவிக்கிறது. ஊரார் மூச்சுவிடும் காற்றுக்காக இத்தண்டனை நியாயமென்றே கருதுகிறேன். எனினும், உண்மையில் தாங்கி நிறைந்திருக்க, உணரி மட்டும் பழுதானபோதும் இதே தண்டனை விழுந்தது. வயலின் நடுவிலும் நெடுஞ்சாலையிலும் வாகனங்கள் முடங்கின. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டலில், இத்தகைய திடீர் வலுவிழப்பைத் தளர்த்துமாறு உற்பத்தியாளர்க்குச் சொல்ல நேர்ந்தது.

காவலாளியே கள்வனாகவும் கூடும். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் கார்களைச் சோதனைச்சாலையில் மட்டுமன்றி வீதியில் ஓட்டியும் புகையை அளந்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். வீதியில் எழுந்த நஞ்சு சட்ட வரம்பைப் பன்மடங்கு தாண்டியிருந்தது. 2015 செப்ரெம்பர் 18ஆந் திகதி வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. திசைமாற்றிச் சக்கரம் திரும்புகிறதா, வேகம் எவ்வாறு மாறுகிறது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றமுக்கம் யாது என்பவற்றைக் கொண்டு, தான் சோதனையில் இருப்பதைப் பெட்டி உணர்ந்துகொண்டது. சோதனையில் ஒழுங்காக நடந்தது. வீதியில் வேறாக நடந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்தது. நம் மூன்றடுக்குக் கணக்காய்வு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அது ஒழுங்காகவே வேலைசெய்தது. அனுமதித்ததற்கு மேல் முறுக்கம் போகிறதா என்பதுதான் அதன் வினா. எழுதிய விதியே வஞ்சகமானதா என்று கேட்க அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து வேறு அளவுகோலால் அளக்கவேண்டியிருந்தது. ஈய முத்திரைக்கும் நினைவகத்து எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை இதனால்தான் முன்பே குறித்து வைத்தேன்.

பெட்டிக்குள் பார்க்கும் உரிமை யாருடையது என்ற வழக்கு இப்போது விவசாயிகளிடமும் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜோன் டியர் உழவு இயந்திரம் பழுதுற்று முறுக்கத்தைக் குறைத்துக்கொண்டால், காரணத்தை முழுமையாக அறிந்து தடையை நீக்கும் மென்பொருள் விற்பனை முகவரிடமே இருந்தது என்பது விவசாயிகளின் முறைப்பாடு. அறுவடைக் காலத்தில் முகவருக்காகக் காத்திருப்பதன் பொருளை இச்சபையில் விளக்கத் தேவையில்லை. 2023 ஜனவரியில் அந்நிறுவனம் அமெரிக்க விவசாயப் பேரவையோடு ஓர் உடன்பாடு செய்தது. அதே ஆண்டு ஏப்ரிலில் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களை உடையவரே திருத்தும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின்மீது வழக்கே தொடுத்தது. இயற்கை வரம்பையும் சட்ட வரம்பையும் மீற உரிமை கேட்போர் ஒரு வகை. எந்த வரம்பு தன்னைத் தடுக்கிறது என்று அறிய உரிமை கேட்போர் வேறொரு வகை. இரண்டையும் ஒரே குரலாகக் காட்டுவது நிறுவனங்களுக்கு வசதியாக இருக்கிறது. முதலாவதை நான் மறுக்கிறேன். இரண்டாவதை மறுப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

லொறி வைத்திருக்கும் பெரியோர் சிலர், “தம்பி, இதெல்லாம் சரி, என் லொறி இழுக்காவிட்டால் நான் என்ன செய்வது?” என்று கேட்கக் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பம்பியைக் கழற்றுவதற்கு முன் பெட்டியை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்புக் கருவியைச் செருகினால், சாரதி கேட்ட முறுக்கமும் எஞ்சின் கொடுத்த முறுக்கமும் பல வாகனங்களில் அருகருகே தெரியும். பதிந்துள்ள பிழை எண்ணும் தெரியும். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தால் என்ன நிகழும் என்று பாருங்கள். காற்று வெளியே போகிறது. குழாயின் அமுக்கம் ஏறவில்லை என்பதைப் பெட்டி காண்கிறது. உள்ள காற்றுக்கு ஏற்ப டீசலைக் குறைக்கிறது. எஞ்சினைக் காக்கும் பொருட்டு இன்னும் சிறிது குறைத்து, எச்சரிக்கை விளக்கையும் ஏற்றுகிறது. உடையவரோ இன்ஜெக்டர் போய்விட்டது என்று நான்கையும் மாற்றப் பெருந்தொகை செலவழிக்கிறார். புதிய இன்ஜெக்டர்களும் அதே குறைந்த துளியைத்தான் பீச்சும். முதலில் எஞ்சினை ஓடவிட்டு, அந்தக் குழாயின் வளைவுகளில் சவர்க்கார நீரைத் தடவி, குமிழி எழுகிறதா என்று பாருங்கள்.